அரை மணி நேரத் தீர்மானம்

1973 ஜனவரி முதல் தேதி காலைப் பூசை முடிந்ததும், மாதா கோயிலில் குழந்தை ஏசுவின் குடிலுக்கு முன்னால் ஒரு பிஸ்கோத்து டப்பாவை வைத்தார்கள். வருஷத் தீர்மானத்தைச் சீட்டில் எழுதி, மடித்து அதில் போட வேண்டும். ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று சாமியார் அந்தச் சீட்டுகளைப் பிரிக்காமல் தூபத்தோடு எரித்துவிடுவார். யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எல்லாரும் தாராளமாக எழுதுவார்கள். பொங்கலுக்குள் பாதி காற்றில் போய்விடும்.

நர்ஸ் சகாயமேரி மூன்று எழுதினாள். பூசைக்குப் பிந்தி வரமாட்டேன். வீட்டுக்காரர் இருதயசாமியிடம் எரிந்து விழமாட்டேன். மூன்றாவதை எழுதும்போது பேனா முனை காகிதத்தைக் கிழித்தது: டெஸ்ட் ஊசி போட்டு அரை மணி நேரம் உட்கார வைக்காமல் யாருக்கும் பென்சிலின் போடமாட்டேன்.

முதல் இரண்டும் அந்த வாரமே போயின. இருதயசாமி பாவம், மூன்றாம் தேதியே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மூன்றாவது, நர்ஸ் படிப்பில் முதல் மாதமே சொல்லித் தருகிற சங்கதி. பென்சிலின் சிலர் உடம்புக்கு ஆகாது. ஆகாதவருக்குப் போட்டால் ஐந்தே நிமிஷத்தில் ஆள் முடிந்துபோகலாம். அதனால் முதலில் முன்னங்கைத் தோலில் ஒரு துளி ஏற்றி, பேனாவால் வட்டம் போட்டு, தடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். படித்ததைச் செய்வதற்கு ஒரு தீர்மானமா என்று கேட்கலாம். ஒரே பெஞ்சு, எண்பது நோயாளி, மத்தியான பஸ்ஸைப் பிடிக்கப் பறக்கிற ஜனம் என்று பதினோரு வருஷம் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நின்று பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். முன்பே போட்டுக்கொண்டவர் என்றால் நேராகப் போட்டுவிடுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

போன டிசம்பரில் பென்னலூர் பரசுராமன் வந்தார். ஏர் ஓட்டுகிறவர், முதுகில் கட்டி. "போன மாசம்தான் நாலு ஊசி போட்டுக்கினேன் நர்ஸம்மா, சும்மா குத்து" என்றார். குத்தினாள். சட்டையைப் போட்டுக்கொண்டே எழுந்தவர் அப்படியே சரிந்தார். முகம் வெளுத்து, மூச்சு இழுத்தது. டாக்டர் பக்கத்து அறையில் இருந்ததால் ஓடி வந்து மாற்று ஊசி போட்டார். ஆள் பிழைத்துக்கொண்டது.

"டெஸ்ட் போட்டீங்களா?"

"போட்டேன் சார். ஒண்ணும் தடிக்கல."

அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. டெஸ்டில் ஒன்றுமில்லை என்றால் வேறெதுவாவது இருக்கலாம், வெறும் வயிற்றில் வந்திருப்பார் என்று டாக்டர் முடிவு கட்டினார். அடுத்த மாதம் அவருக்கு மாற்றலும் வந்துவிட்டது. பரசுராமனோ, நர்ஸம்மாதான் உயிரைக் காப்பாற்றினாள் என்று ஊரெல்லாம் சொல்லி, பெரிய பூசணிக்காய் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். அதை அவளால் அரிய முடியவில்லை. மூலையில் கிடந்து அழுகியது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொன்னாள், சோம்பலைச் சொன்னாள், இதைச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஊசியை எடுத்தால் விரல் நடுங்கும். தீர்மானத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். ஊசிக்கு முன்னால் ஒரு குட்டி ஊசியா என்று கேலி செய்தார்கள். அவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் பிள்ளைப்பாக்கத்து அம்சவல்லி வந்தாள். கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டுக் கால் சீழ் வைத்திருந்தது. புது டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார், மருந்து மட்டும் எழுதி வைத்திருந்தார். "போன மாசம்கூட போட்டுக்கினேன், நல்லாத்தான் கீறேன். சீக்கிரம் போடு நர்ஸம்மா" என்றாள் அம்சவல்லி. பரசுராமன் சொன்ன அதே பேச்சு. சகாயமேரி குட்டி ஊசியைப் போட்டு, வட்டம் வரைந்து, பெஞ்சில் உட்கார வைத்தாள்.

அதற்குள் மண்டை உடைந்த குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டுப்போட்டு நிமிர்ந்தால் பெஞ்சு காலி.

"ஊசிதான் போட்டாச்சேன்னு பூட்டா" என்றாள் ஆயா தாயாரம்மாள்.

குட்டி ஊசியே ஊசி என்று நினைத்துவிட்டாள். துளி மருந்தே சிலருக்குப் போதும், வழியில் விழுந்தால் கேட்க நாதியில்லை. சகாயமேரி மாற்று மருந்தையும் கொதிக்க வைத்த ஊசியையும் டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடினாள். பிள்ளைப்பாக்கத்து வழியில் வெயில் கொளுத்தியது. ஒரு செருப்பு அறுந்து எங்கோ போயிற்று. மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.

ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஒரு சேலை தெரிந்தது. அம்சவல்லி ஒருக்களித்துக் கிடந்தாள். சகாயமேரியின் கால் அங்கேயே நின்றுவிட்டது. கிட்டே போய்ப் பார்க்கத் தைரியம் வர ஒரு நிமிஷமாவது ஆகியிருக்கும்.

சேலை அசைந்தது. "கால் வலி தாங்கல, சித்த சாஞ்சேன்" என்று சொல்லிக்கொண்டே அம்சவல்லி எழுந்து உட்கார்ந்து முன்னங்கையைச் சொறிந்தாள். பேனா வட்டத்தைத் தாண்டி, எட்டணாக் காசு அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. முழு ஊசி போட்டிருந்தால் அந்த பெஞ்சிலேயே செத்திருப்பாள்.

சகாயமேரி நாடியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"இன்னா நர்ஸம்மா, குத்துனது எனக்கு, அழுவறது நீயா?"

ஒரு மணி நேரம் கூடவே இருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் 'பென்சிலின் ஊசி ஆகாது' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தாள். "எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல இதைக் காட்டு. தொலைச்சுடாதே, உசுரு போயிடும்." அம்சவல்லியின் முகத்தில் அப்போதுதான் பயம் ஏறியது. கால் பிறகு வேறு மருந்தில் ஆறிவிட்டது.

அடுத்த வருஷம் பொங்கல் கழித்து, மகளுக்கு இருமல் என்று அம்சவல்லி வந்தாள். வந்ததும் கையை நீட்டினாள். வட்டம் போட்ட அதே இடத்தில் பச்சை குத்தியிருந்தது.

"சீட்டு நனைஞ்சிடும், கரையான் அரிச்சிடும். அதான் சந்தைல பச்சை குத்துறவகிட்ட காட்டி, சீட்டுல கீற மாரியே குத்துன்னேன்."

பச்சை குத்தியவளுக்கும் எழுத்து தெரியாது போலிருக்கிறது. பார்த்ததை அப்படியே குத்தியிருந்தாள். கோணிப் போன கொம்பு, கீழே சரிந்த கடைசி எழுத்து. அன்று சகாயமேரியின் விரல் எங்கெங்கே நடுங்கியதோ, அங்கெல்லாம் கோடும் நடுங்கியிருந்தது. தன் கையெழுத்தைத் தானே படித்தாள்.

படித்து முடித்ததும் பரசுராமன் நினைவு வந்தது. அவர் கையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பசி மயக்கம் என்றே நம்பிக்கொண்டு திரிகிறார். நாளைக்கே வேறெங்காவது போய், முன்னேயே போட்டுக்கொண்டேன், சும்மா குத்து என்பார். யார் யாருக்கோ அரை மணி நேரம் காத்திருந்தவள், அவரை ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

அன்று சாயங்காலமே பென்னலூருக்குப் போனாள். பரசுராமன் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். வா நர்ஸம்மா என்று வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டார். அவள் உட்காரவில்லை.

"அன்னிக்கு உங்களுக்குப் பசி மயக்கம் இல்ல. நான் டெஸ்ட் போடாம போட்ட ஊசி. டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். இனிமே பென்சிலின் போட்டா பொழைக்க மாட்டீங்க. எழுதித் தரேன், எந்த டாக்டர்கிட்ட போனாலும் காட்டுங்க."

அவர் தண்ணி வாளியைக் கீழே வைத்தார். அடிக்க வருவார் என்றுதான் நினைத்தாள்.

"பூசணிக்கா தூக்கிக்கினு வந்தனே" என்றார்.

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்து அவள் முன்னால் நீட்டினார்.

"எழுது. நல்லா பெருசா எழுது."

சகாயமேரி பேனாவைத் திறந்தாள். விரல் நடுங்கியது. அப்படியே எழுதினாள்.