ஊற்றில் வந்த மஞ்சள்

செவ்வாய்க்கிழமை காலையில் அட்டுவம்பட்டியிலிருந்து அருளப்பன் சாரின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டார். “அங்கிள், அப்பா போயிட்டாங்க” என்றார். தொண்ணூறைத் தாண்டியவர், படுக்கையில் கிடக்காமல் போனார். கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டுவைத்தேன். அழுகைக்கு நடுவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெய்த மழையில் வாசல் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டாராம். அவரோடு வேலை பார்த்த உங்கள் யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

ஐம்பதுகளின் கடைசியில் மலைச்சாலை வேலையில் நான் ஓவர்சியர், அவர் இன்ஜினியர். உலகப் போரில் பாலைவனத்துப் பட்டாளத்துக்குத் தண்ணீர் கொண்டுசேர்க்கும் பிரிவில் இருந்தவர். திரும்பி வந்துதான் இன்ஜினியரிங் படித்தார். மழை கொட்டும்போது நாங்கள் டீக் கெட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். இவர் குடையோடு வெளியே கிளம்பிவிடுவார். “தண்ணி எங்க போகணும்னு அதுகிட்டதான்யா கேக்கணும்” என்பார். சொட்டச் சொட்டத் திரும்பி வருகிறவரிடம், பதில் கிடைத்ததா சார் என்று நான் சீண்டுவேன். “பாதி சொல்லிச்சு” என்பார், சிரிக்காமல்.

அடுக்கம் கிராமத்துக்கு மேலே நாங்கள் சாலை வெட்டிய மறுவருஷம், அந்த ஊர் குடித்துவந்த ஊற்று நூலாக இளைத்துப்போனது. மழை குறைவு என்று எழுதிக் கோப்பை மூடச் சொன்னார்கள் மேலதிகாரிகள். மூடியிருந்தால் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு பத்திரமாக வந்திருக்கும். இவருக்கோ தூக்கம் போய்விட்டது. சாலை நனையாமலிருக்க ஓர் ஓடையைப் பக்கக் கால்வாயில் திருப்பிவிட்டிருந்தோம். முன்பு அது பாறை இடுக்கில் இறங்கி மறைந்துவிடும். ஊற்றுக்குப் போனது அந்தத் தண்ணீர்தானா? அவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

தண்ணீரில் நிறம் கலந்து பார்க்கலாம் என்றார். ஆனால் ஜனங்கள் குடிக்கிற தண்ணீர். யோசித்து யோசித்து, பெரியகுளம் போய் ஒரு மூட்டை மஞ்சள்தூள் வாங்கி வந்தார். திருவிழாவா, கல்யாணமா என்று கடைக்காரர் விசாரிக்க, ரோட்டு வேலை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கால்வாயை மண்மூட்டையால் அடைத்து, ஓடையைப் பழைய இடுக்கிலேயே விட்டு, மஞ்சளைக் கொட்டினார். கீழே ஊற்றடியில் காவல் இருந்தவன் நான். முடிவு தெரியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது உத்தரவு.

மதியத்துக்கு மேல் ஊற்று பருத்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. வரிசையில் முதலில் நின்ற பேச்சியம்மாள் குடத்தைக் கீழே வைத்தார். “ஆத்தா வந்துட்டா” என்று கும்பிட்டார். அவ்வளவுதான், குலவை கிளம்பியது, வேப்பிலை வந்தது, ஊரே திரண்டுவிட்டது.

சார் இறங்கி வந்தார். இப்படியே விட்டுவிடலாம், தண்ணீரும் வந்தது, யார் மேலும் பழியில்லை என்று அவர் காதைக் கடித்தேன். “தண்ணி நின்னது யாராலன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமாய்யா?” என்று கேட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

“மஞ்சள் நான் போட்டதும்மா. ஒங்க தண்ணிய மறிச்சதும் நான் போட்ட ரோடுதான். பழைய வழியிலயே விட்டுர்றேன்.”

குலவை நின்றது. அடி விழும் என்றே நினைத்தேன். பேச்சியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“போட்டது நீங்க, சரி. இம்புட்டுப் பாறைக்குள்ள வழி காட்டி எங்க கொடத்துக்குக் கொண்டாந்து சேத்தது யாருங்கய்யா?”

சார் தலையைச் சொறிந்தார். “அது எனக்குத் தெரியலம்மா” என்றார். பிறகு பல வருஷம், நடுவேலையில் நிறுத்தி, அந்தம்மா கேட்டதற்கு என்ன பதில்யா என்று என்னைக் குடைவார்.

ஓடையைப் பழைய இடுக்குக்கே கொண்டுபோகச் சாலைக்கு அடியில் சிறுபாலம் கட்டினோம். தவறு தன்னுடையது என்று அவரே எழுதிக்கொடுத்தார். பதவி உயர்வு தள்ளிப்போனது. எதற்கு சார் இந்த வம்பு என்று சண்டையே போட்டேன். பாலைவனத்தில் ஒரு சிற்றூரின் கிணற்றைப் பட்டாளத்துக்காக அடிவரை இறைத்துவிட்டு, விடிந்ததும் புறப்பட்டுப் போனதைச் சொன்னார். “அந்த ஊரு என்னாச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுய்யா.”

புதன்கிழமை அடக்கத்துக்கு அடுக்கத்திலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்தார்கள். பேச்சியம்மாள் எப்போதோ போய்விட்டார். அவர் மகன் பித்தளைக் குடத்தில் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார், மஞ்சள் கரைத்து. “இந்த அய்யா போறப்ப நம்ம தண்ணிதான் ஊத்தணும்னு எங்காத்தா சொல்லிட்டுப் போச்சுங்க” என்றார். ஜெபம் முடியும் நேரம். சாரின் மகள் என்னைப் பார்த்தார், பாதிரியாரைப் பார்த்தார், பிறகு குடத்தை வாங்கி அப்பாவின் கால்களைக் கழுவினார். மஞ்சள் படிந்த பாதங்களோடுதான் சார் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். வீட்டில் குழாய் நின்றாலும், யாரோடாவது பேச்சு நின்றாலும், இது என்னால் வந்ததா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். பல நேரம் ஆமாம் என்றுதான் இருக்கிறது.