மாமா கை படாத வண்டி

பெரியப்பா அந்தச் சிவப்பு வண்டியை வாங்கி வந்த அன்று அதை வீட்டுக்குள் ஏற்ற முடியவில்லை. கேட்டுக்கு முன்னால் இருந்த சரிவில் அடிப்பக்கம் உரசி நின்றுவிட்டது. தெருவே வேடிக்கை பார்க்க, அப்பா பலகை தேடி ஓடினார். பெரியப்பா மட்டும் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்போர்ட்ஸ் காருன்னா இன்னான்னு நெனச்சீங்க? தரையோட ஒட்டிக்கினுதான் போவும்" என்றார்.

தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு இருந்த நிலம் அடுக்குமாடிக்காரர்களிடம் போன சமயம் அது. எங்கள் தெருவில் சிலர் வீட்டை இடித்துக் கட்டினார்கள், சிலர் கடை வைத்தார்கள். பெரியப்பா யாரோ ஓட்டிச் சலித்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். மேல்கூரை பின்னால் மடங்கும். இரண்டு பேர்தான் உட்காரலாம். ஒரே சமையலில் சாப்பிடும் ஒரு கூட்டுக் குடும்பத்துக்கு இரண்டு பேர் வண்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நான் ஒரே ஒரு தடவை அதில் உட்கார்ந்தேன். லாரிச் சக்கரங்கள் என் தலைக்கு மேல் உருண்டு போவதுபோல இருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குக் காய்ச்சல். எதற்கெடுத்தாலும் பயந்து நடுங்குகிற இந்தக் குணம் எனக்கு அப்போதே உண்டு.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே வண்டி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். கியர் மாற்றும்போது உள்ளே யாரோ தகர டப்பாவை உதைப்பதுபோலச் சத்தம். கம்பெனி ஷோரூமில் காட்டினால், அவர்கள் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, சென்சார் மாற்ற வேண்டும், இந்த மாடலை நிறுத்தியாயிற்று, சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் மாமா பேச்சுக்குள் வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒரு பெரிய கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு முடிச்சூர் சாலையில் சொந்தமாக ஷெட் போட்டிருந்தார். வாய் ஜாஸ்தி. தொட்ட வண்டியெல்லாம் தன்னால்தான் ஓடுகிறது என்பார். எனக்கு அவரை உயிர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறைக்கே வந்து அம்மாவிடம் கெஞ்சினார். "க்கா, ஒரு வார்த்தை சொல்லுக்கா. அந்தச் சிவப்பு வண்டி என் ஷெட் வாசல்ல கொஞ்ச நாள் நின்னா போதும். காட்டாங்குளத்தூர் காலேஜ் பசங்க எல்லாம் இந்த மாதிரி வண்டிய வெச்சுக்கினு எங்க காட்றதுன்னு தெரியாம சுத்தறானுங்க. ஒருத்தன் வந்தா பத்து பேர் வருவான். இல்லன்னா நான் ஷெட்டை மூட வேண்டியதுதான்."

அம்மா வெங்காயம் அரிந்துகொண்டே, "பாக்கலாம்" என்றாள்.

எங்கள் வீட்டில் மாமா ஏற்கெனவே ஒரு தடவை கை வைத்திருக்கிறார். போர் மோட்டார் நின்றுபோனபோது வந்து சரிசெய்துவிட்டுப் போனார். அது நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதற்குப் பிறகு தண்ணீர் கலங்கலாக வந்தாலும், வெயில் காலத்தில் கிணறு இறங்கினாலும், ஏன், கரண்ட் போனாலும்கூடப் பெரியம்மா சொல்லிவிடுவாள்: "இவ தம்பி கை வெச்ச மோட்டாராச்சே, கேக்கணுமா?" சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நாங்கள் பிள்ளைகளும் சிரிப்போம். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போவாள்.

பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வண்டிப் பேச்சு சூடுபிடித்தது. மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த காரில் மாப்பிள்ளையை உட்காரவைத்துக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாகக் கூட்டிவருவது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லாரும் வாடகைக்கு எடுப்பார்கள். பெரியப்பா, "நம்ம வண்டி கீது, வாடகை இன்னாத்துக்கு?" என்றுவிட்டார். இனி வண்டி ஓடியே ஆக வேண்டும்.

கூடத்தில் பஞ்சாயத்து நடந்தது. ஷோரூமில் விட்டால் ஒரிஜினல் சாமான், கேரண்டி, ஆனால் எப்போது வரும் என்று தெரியாது என்றார் அப்பா. வெளியில் விட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் நாளைக்கு ஒன்று என்றால் யாரைக் கேட்பது என்றும் அவரே சொன்னார். அப்பா எப்போதுமே இரண்டு பக்கமும் பேசுகிறவர்.

மாமா தரையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தேவிட்டார். "கிளட்ச்தான், மாமா. சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன். சென்சாரும் இல்ல ஒண்ணும் இல்ல. அவனுங்க லேப்டாப் இல்லன்னா மூக்கைக்கூட சிந்த மாட்டானுங்க. என்கிட்ட வுடுங்க, நான் பாத்துக்கறேன்."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நம்ம பையன். எடுத்துக்கினு போ" என்று சாவியை நீட்டினார்.

அப்போது சமையலறை வாசலிலிருந்து அம்மாவின் குரல். "வேணாம் பெரிய மாமா. ஷோரூம்லயே வுட்டுடுங்க. அவனுக்கு இந்த மாதிரி வண்டியெல்லாம் தெரியாது."

பெரியப்பா எதிரில் அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமாவின் கை சாவியை வாங்க நீண்டபடியே நின்றது.

"பாத்தியாடா, சொந்த அக்காவே சர்டிபிகேட் குடுத்துட்டா!" என்று பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். பெரியம்மாவும் சிரித்தாள். மாமாவும் சிரிக்கப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். தம்பிக்கு வேலை தெரியும் என்று அம்மாவுக்குத் தெரியும். எங்கள் வீட்டு மிக்ஸியிலிருந்து அப்பாவின் ஸ்கூட்டர்வரை ஒரு காலத்தில் அவளே அவரைக் கூப்பிட்டுத்தான் சரிபண்ணியிருக்கிறாள். பிறகு ஏன் இப்படி ஒரு பொய்?

வண்டி ஷோரூமுக்குப் போனது. மாப்பிள்ளை அழைப்புக்கு முன்தினம்தான் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, உள்ளே வாசனை அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். ஏசி அறையில் உட்காரவைத்து காபி கொடுத்ததையும், டை கட்டிய பையன் கதவைத் திறந்துவிட்டதையும் பெரியப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் பூச்சரம் சுற்றிய சிவப்பு வண்டி. பெரியப்பா ஓட்ட, மாப்பிள்ளை பக்கத்தில். ஆடுகிற பையன்கள் ஓர் அடி வைத்தால் வண்டி அரை அடி நகரும். கோயில் தெரு தாண்டுவதற்குள் பானெட்டிலிருந்து புகை வந்தது. முதலில் ஏதோ அலங்காரம் என்று நினைத்துப் பையன்கள் விசில் அடித்தார்கள். அப்புறம் குபுகுபுவென்று ஆவி. மாப்பிள்ளை கதவைத் தாண்டிக் குதித்தார். வண்டி அணைந்தது.

"மெக்கானிக் யாராச்சும் கீறீங்களா?" என்று யாரோ கத்தினார்கள். மாமா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கென்று வாங்கிய புதுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா தட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதடா."

"வுடுக்கா, தண்ணி கொதிச்சிருக்கு, அவ்ளோதான்."

"சொல்றேன்ல? அதுல கை வெக்காத."

"என்னைய எத்தினி பேர் எதிர்லதான் நீ அசிங்கப்படுத்துவ?"

அம்மா பிடியை விடவில்லை. மாமா கையை உதறினார். உதறிய வேகத்தில் அவள் வளையல் உடைந்து தெருவில் விழுந்தது. அவர் பேண்டு வாத்தியக்காரர்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டார். மண்டபத்தில் கை நனைக்கவில்லை.

மாப்பிள்ளை நடந்தே வந்தார். நான் பயந்ததுபோலச் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. பெரியப்பா ஷோரூமை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பழைய வண்டி, அவன்தான் இன்னா பண்ணுவான்" என்றார். பெரியம்மா, "மாப்ள மெட்ராஸ் வெயில்ல நடந்து பழகட்டும்" என்று சம்பந்தி வீட்டாரையே சிரிக்கவைத்தாள். டை கட்டிய பையன்களின் அக்கா யாரும் எங்கள் வீட்டில் சோறு வடிக்கவில்லையே.

ஷெட்டை மூடிவிட்டு மாமா திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் வீட்டுப் படியை அப்புறம் அவர் மிதிக்கவே இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் அந்தப் பக்கமே ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது அவரே சொன்னார்: "எங்கிட்ட குடுத்திருந்தா கிளட்சை எறக்கி ஏத்தியிருப்பேன். வண்டி கொதிச்சது ரேடியேட்டர் ஃபேன் நின்னதால; அது சுத்துதா இல்லையான்னு நானும்தான் பாத்திருக்க மாட்டேன். அது வேற வெஷயம். ஆனா சொந்தத் தம்பிக்கு இந்த மாதிரி எவளாச்சும் பண்ணுவாளா?" என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தாள் என்று அம்மா கடைசிவரை அவரிடம் சொல்லவே இல்லை.

மாப்பிள்ளை அழைப்பு ராத்திரி அம்மா கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தாள். பக்கத்து இலையில் உட்காரும்படி என்னைக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பாரை ஊற்றிக்கொண்டாள், ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள், பாயசத்தை இரண்டாம் தடவை வாங்கி இலையில் விட்டு வழித்துச் சாப்பிட்டாள். கூடப் பிறந்தவன் பட்டினியாகப் போயிருக்கிறான், இவளுக்கு எப்படித் தொண்டையில் இறங்குகிறது என்று எனக்கு வயிறு எரிந்தது. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, ஒரு பெரிய காரியம் கெட்டுப்போயும் அவளை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாமல் போன முதல் நாள் அது என்று எனக்கு அப்போது தெரியாது.