சாவிக்கொத்துச் சத்தமும் ஒரு பிடித் தூசியும்

உங்கள் காது சரியாகக் கேட்கிறது என்பதற்கு என்ன சான்று வைத்திருக்கிறீர்கள்? "எனக்குத்தான் கேட்கிறதே" என்பது சான்றாகாது. கேட்காமல் போன ஒலி, நான் போய்விட்டேன் என்று உங்களிடம் வந்து சொல்லாது. திருச்செங்கோட்டுக் கதிர்வேலும் முப்பத்தெட்டு வயதுவரை தன் காதை நம்பித்தான் இருந்தார்.

கதிர்வேல் ரிக் வண்டியில் டிரில்லர். பதினாறு ஆண்டுகளாக வட மாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போடுகிறார். காற்றை அழுத்தித் தள்ளி அலறும் கம்ப்ரஸருக்குப் பத்தடி தள்ளி நின்று, குழிவாயில் எழும் தூசியைப் பார்த்தே கீழே பாறையா, ஈரமா என்று சொல்லிவிடுவார். மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பும். அப்போது லேப்டாப்பைத் திறந்து பழைய கோட்டை விளையாட்டு ஒன்றை ஆடுவார். அதை வெளியிட்ட நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. இருந்தும் ரசிகர்கள் அதைச் சாகவிடவில்லை. எழுத்தைத் தெளிவாக்குவது, மங்கிய நிறத்தைச் சரிசெய்வது என்று சின்னச் சின்னத் திருத்தங்களைத் தாங்களே செய்து இலவசமாகப் பகிர்கிறார்கள். மோட் என்று அதற்குப் பெயர். கதிர்வேல் இருக்கும் வாட்ஸப் குழுவில் ஒரே விதி: மெருகேற்றலாம், ஆட்டத்தை மாற்றக்கூடாது.

அந்த விளையாட்டின் மூன்றாம் கட்டத்தில் ஒரு கள்வன் இருட்டு நடைபாதையைக் கடக்க வேண்டும். கதவுக்கு அப்பால் காவலன் வருகிறானா என்பதை அவன் இடுப்புச் சாவிக்கொத்தின் கிணுகிணுப்பை வைத்துத்தான் அறிய முடியும். இருபது வயதில் கதிர்வேல் சுலபமாகக் கடந்த இடம் அது. சென்ற ஆடியில் நாற்பது முறை மாட்டிக்கொண்டார்.

'ஒலிக்கோப்பு கெட்டுப்போச்சு' என்று முடிவுசெய்தார். கெட்டதைக் கழற்றிச் சரிசெய்தே பழகிய கை. பத்து நாள் உட்கார்ந்து சாவிச் சத்தத்தைத் தனக்குக் கேட்கும்வரை உயர்த்தினார். பெருமையோடு குழுவில் போட்டார்.

அரை மணி நேரத்தில் குழு கொதித்தது.

"அண்ணா, ஹெட்போனைக் கழட்டி வீசிட்டேன்!"

"எங்கூட்டு நாய் கட்டலுக்கடியில பூந்துகிச்சுங்க. நீங்க வந்து கூப்புடுங்க."

குழுவை நடத்துபவர் வித்யா, சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் கணக்கு ஆசிரியை. அவர் சிரிக்கவில்லை. கோப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணா, கீச்சுக் குரல் மாதிரி மேல்சத்தத்தை மட்டும் இவ்வளவு ஏத்தியிருக்கீங்க. மத்த சத்தமெல்லாம் தொடவே இல்ல. ஏன்?"

"மத்ததெல்லாம் நல்லாத்தானுங்க கேக்குது."

"விளையாட்டுல பழுது இல்லைன்னு நினைக்கிறேன். ஒருதடவை காதைக் காட்டுங்கண்ணா."

ஸ்பீக்கரில் வந்ததைக் கேட்டுச் சமையலறையிலிருந்து மனைவி பிரவீனா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, நாலு விசில் வந்தா அடுப்ப நிறுத்துங்கன்னா பருப்பு கரியாகற வரைக்கும் உக்காந்திருப்பீங்களே, அது இதுதானா? நான் வேணும்னே பண்றீங்கன்னு மூணு வருசமா சண்ட போட்டுட்டு இருக்கறேன்!"

சேலத்தில் பரிசோதித்தார்கள். கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தின் கோடு, கீச்சொலிகளுக்கான வலப்பக்கத்தில் ஆழ்துளைக் குழி போலச் செங்குத்தாக இறங்கியது. போனது திரும்பாது என்றார் மருத்துவர். காதை மூடாமல் கம்ப்ரஸர் அருகே இன்னும் நின்றால், ஆறு வயது மகள் தமிழினி பேசுவதும் தெளிவாகக் கேட்காமல் போகும் என்றார்.

கதிர்வேல் வீடு திரும்பினார். மறுநாள் லேப்டாப்பைத் திறந்தார். கெட்ட மோடை அழித்தார். ஒலியை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த தூசிக்குப் போனார். அவர் செய்த புது மோடில், காவலன் நெருங்கும்போது கதவின் கீழ் இடுக்கில் ஒரு பிடித் தூசி மெல்ல எழும். தள்ளிப் போனால் அடங்கும். அவ்வளவுதான். வேண்டாதவர்கள் அணைத்தும் வைக்கலாம்.

குழுவில் ஒருவர் எகிறினார். "இது ஏமாத்து வேலை. காது கேக்காதவங்க வேற விளையாட்டு ஆடட்டும்."

இந்த வாக்கியத்தை நாம் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறோம்! படியேற முடியாதவர் வேறு அலுவலகம் பார்க்கட்டும், பார்வையற்றவர் வேறு படிப்புப் படிக்கட்டும். கதவைச் சாத்துகிறவர் எப்போதும் உள்ளே இருப்பவர்தான். வித்யா ஒரே வரியில் முடித்தார்: "காவலன் வர்றது உங்களுக்குக் காதால தெரியுது, அவங்களுக்குக் கண்ணால தெரியுது. இதுல என்ன ஏமாத்து?" மோட், குழுவின் தொகுப்பில் சேர்ந்தது. கதிர்வேல் கோட்டையைக் கடந்தார்.

ஆனால் நிஜக் கம்ப்ரஸர் அடுத்த வாரம் கிளம்பக் காத்திருந்தது. வண்டி உரிமையாளர் குணசீலனின் அலுவலகத்துக்குப் போய்க் காதுமூடி கேட்டார்.

"இத்தன வருசமா இல்லாதது இப்ப என்னப்பா புதுசா? நானும் பன்னண்டு வருசம் ரிக்குல நின்னவன்தான். எனக்கென்ன கேக்காமயா போச்சு?"

"மூணு நிமிசம் உக்காருங்க" என்று கதிர்வேல் லேப்டாப்பை மேசைமேல் வைத்தார். தூசியை அணைத்துவிட்டு மூல விளையாட்டை ஓடவிட்டார். "சாவிச் சத்தம் கேட்டா கைய தூக்குங்க."

குணசீலன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை எழவில்லை. "எங்கப்பா சத்தம்? உன்ற லேப்டாப்பு ஊமையாட்ட இருக்குது."

பின்னால் பில் போட்டுக்கொண்டிருந்த உஷாராணி நிமிர்ந்தார். "ஐயா, கணகணன்னு கேக்குதுங்களே. இதோட ஆறு தடவ வந்துருச்சுங்க."

கதிர்வேல் தூசியைப் போட்டுவிட்டார். கதவிடுக்கில் அது எழுந்ததும் குணசீலனின் கை தானாக உயர்ந்தது. உடனே இறங்கவும் இல்லை.

"கம்ப்ரஸருக்கு மணிக்கணக்கு பாத்து ஃபில்டர் மாத்தறமுங்க" என்றார் கதிர்வேல். "அது பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணுமே பாக்கறதில்லீங்க."

குணசீலன் உஷாராணியிடம் திரும்பி, "வண்டியில எத்தன பேரு?" என்று கேட்டார்.

"ஆறு பேருங்க."

"ஏழா வாங்கிப் போடு. நானும் போவேன்."

ஏழு காதுமூடிகள் வந்தன. இது கருணை அன்று. பதினாறு ஆண்டு தாமதமாக வந்த உரிமை. கதிர்வேலுக்குக் குக்கர் விசில் இனி கேட்கப்போவதில்லை. ஆனால் நாக்பூர் பக்கத்திலிருந்து தினமும் சாயங்காலம் வீட்டுக்கு அழைக்கிறார். தமிழினி பள்ளிக்கூடச் சண்டைகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். ஒரு சொல் தவறாமல் பதில் சொல்கிறார்.

உங்கள் நிலத்துக்கும் ஒருநாள் ரிக் வரும். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பீர்கள், எலுமிச்சை நசுக்குவீர்கள், கற்பூரம் கொளுத்துவீர்கள். அதற்கெல்லாம் முன்னால், அங்கே நிற்கும் ஒவ்வொருவரின் காதையும் பாருங்கள். மூடாமல் இருந்தால், மூடிக்கொண்ட பிறகு கம்ப்ரஸரைப் போடுங்கள் என்று சொல்லுங்கள். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியபின் நீங்கள் சொல்வது அவர்களுக்குக் கேட்காது.