அமெரிக்கக் காலாட்படையும் சச்சிதானந்தனும்

ஜெயமலர் தகப்பனோடு சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை ஓர் ஆற்றை வரைந்ததுதான். 1986 ஒக்டோபர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவிஸ், வின்டர்தூர் நகரத்து வீட்டின் சமையலறை மேசை. அமெரிக்கக் காலாட்படை ரெஜிமெண்ட் ஒன்றின் இரண்டாம் உலக யுத்த வரலாறு திறந்து கிடந்தது. அதிலிருந்த ஆற்றுப் படத்தின்மேல் அவள் ஊடுதாளை ஒட்டி, மைப்பேனையால் கோடு இழுத்தாள். அவர் ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் எப்படி எழுதவேண்டும் என்று சொன்னார்.

"அளவுத்திட்டம் இல்லை, அப்பா."

"இருக்காது."

"ஆறு எந்தப் பக்கம் ஓடுது? அம்புக்குறி போடவேணும்."

"ரெஜிமெண்ட் அதைக் கேளாமல்தான் இறங்கினது. நீ என்னத்துக்கு மினக்கெடுறாய்?"

அவள் ஓர் இயந்திர நிறுவனத்தில் வரைபடம் கீறுபவள். அளவுத்திட்டம் இல்லாத படத்தை அங்கே குப்பைக்கூடைக்குள் போடுவார்கள். அத்தியாயத்தில் ஓரிடத்தில் பாலத்தின் நீளம் சொல்லப்பட்டிருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டுக் கீறி முடித்தாள். தகப்பன் சச்சிதானந்தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"படமும் வந்திட்டுது. இனி இந்த அத்தியாயத்தை ஒருத்தரும் தூக்கேலாது."

மனிதர்களைப் பற்றி எப்போதும் கீழாகவே நினைத்தவர். அந்த ஒருமுறை போதிய அளவு கீழாக நினைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் அவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்வது தொழில். ஒரு வேலிச் சண்டை வழக்கில், பக்கத்து வீட்டுக்காரன் தன்னை என்ன சொல்லித் திட்டினான் என்று ஒரு பெண் கூண்டில் நின்று அப்படியே ஒப்புவித்தாள். மன்றம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. "அதை விட்டிட்டு மிச்சத்தைச் சொல்லும்" என்றார் சட்டத்தரணி. "சாட்சி விடேல்லையே" என்றார் சச்சிதானந்தன். பிறகு அந்த வசவை அதன் தாய், தமக்கை, பரம்பரை எல்லாவற்றோடும் நல்ல ஆங்கிலத்தில், சாமி கும்பிடுகிற முகத்தோடு சொல்லி முடித்தார். நீதவான்களை மதிக்காதவர், சட்டத்தரணிகளை அவருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. அவர் மதித்தது அடுத்தவன் வாயிலிருந்து வந்த சொல்லை மட்டுந்தான். அதில் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

எண்பத்துநான்கில் மனைவி பரமேஸ்வரியோடு மகளிடம் வந்து சேர்ந்தார். அகதி மனு போட்டார். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் சட்டி கழுவினார். அந்த வேலையைப் பற்றி ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை. "சட்டி கதைக்காது" என்பார்.

தவராஜா வீட்டுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். ஊரில் சண்டையில் நின்ற இயக்கங்களில் ஒன்றுக்கு இங்கே ஆதரவு திரட்டியவர். வெளியீட்டுக் குழுத் தலைவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். குழுவில் உறுப்பினரைவிடத் தலைவர்மார்தான் கூட. பழைய சாமான் கடை ஒன்றில் எடுத்த புத்தகத்தை மேசையில் வைத்தார். அட்டையில் அமெரிக்கச் சிப்பாய்கள் லொறியின்மேல் ஏறி நின்று சிரித்தார்கள்.

"அண்ணை, இதைத் தமிழில தரவேணும். வெல்லுறது எப்பிடியெண்டு எங்கட பெடியள் படிக்கவேணும்."

"உள்ளுக்கு வாசிச்சனீரோ?"

"அட்டையைப் பாத்தாலே விளங்குதுதானே."

"ஓ. அட்டையால வெண்டவங்கள்."

ஆனாலும் ஒப்புக்கொண்டார். இரண்டு வருடம் சட்டி கழுவிய மனிதன் முன்னால் சோப்புப் பெட்டியின் ஆங்கிலத்தை வைத்திருந்தாலும் மொழிபெயர்த்திருப்பார் என்று பரமேஸ்வரி சொன்னாள்.

குழு கொடுத்த தமிழ்த் தட்டச்சு இயந்திரம் வீட்டுக்கு வந்தது. அந்தக் கோடை முழுக்க அவர் வேலை முடிந்து வந்து அடித்தார், அடித்துக்கொண்டே நூலாசிரியரைத் திட்டினார். அந்த அமெரிக்கன், ரெஜிமெண்டில் லெப்டினன்டாக இருந்து ஓய்வுபெற்றவன். பேஸ்போல் போட்டி, தாதிமாரோடு நடனம், கேணலின் நாய், நத்தார்ப் பண்டிகைக்கு வான்கோழி விருந்து என்று எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருந்தான்.

"வான்கோழிக்கு ரெண்டு பக்கம். செத்தவனுக்கு அரை வரி."

தவராஜா தொலைபேசியில், "வான்கோழியை விட்டிடுங்கோ அண்ணை" என்றார்.

"ஏன், எங்கட பெடியள் சாப்பிடுறேல்லையோ?"

வான்கோழி தமிழுக்கு வந்தது. நாயும் வந்தது.

பிறகு ஆறு வந்தது. அன்று அவர் திட்டவில்லை.

இத்தாலியில் ஓர் ஆறு. முதல் இரவே கடந்துவிட்டதாகக் கேணல் மேலிடத்துக்கு அறிவித்துவிட்டான். கடக்கவில்லை. சொன்ன சொல் பொய்யாகக்கூடாதென்று மறுநாளும் அனுப்பினான், அதற்கு மறுநாளும் அனுப்பினான். ஆள் போதாமல், புதிதாக வந்த பெடியன்களை லொறியிலிருந்து இறக்கிய கையோடு படகில் ஏற்றினார்கள். அவர்களின் பெயரைக் கேட்கச் சார்ஜனுக்கு நேரமில்லை. கேட்கவேண்டாமென்று தானே சொன்னதாக லெப்டினன்ட் எழுதியிருந்தான். பெயர் தெரிந்தால் அனுப்பமுடியாமல் போய்விடும் என்று காரணமும் எழுதியிருந்தான்.

"இந்த மனிசன் மிச்சப் புத்தகம் முழுக்கப் பீத்திப்போட்டு, இதில மட்டும் வாயைத் திறந்திருக்கிறான்" என்றார் மகளிடம். "இதை எழுதத்தான் மற்றதெல்லாத்தையும் எழுதினவன் போல."

தவராஜாவுக்கு அத்தியாயம் பிடிக்கவில்லை. நேரே வந்தார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"இது வேண்டாம் அண்ணை. பெடியளின்ர மனம் உடைஞ்சுபோம்."

"உடையட்டும். அதுக்குத்தான் எழுதியிருக்கிறான்."

"போராட்டத்துக்கு இது உதவாது."

"நீர் எப்ப ஊருக்குப் போறீர்?"

"எனக்கு இஞ்ச வேலை இருக்கு."

"ஓம். கேணலுக்கும் இக்கரையில வேலை இருந்தது."

தவராஜா கோப்பையை வைத்தார். "பாப்பம் அண்ணை, பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் 'பாப்ப'த்தை நம்பித்தான் சச்சிதானந்தன் படத்தை வரையச் சொன்னது. திங்கட்கிழமை ஜெயமலர் அதைப் பீல் நகரத்திலிருந்த அச்சகத்துக்குத் தபாலில் அனுப்பினாள்.

வியாழக்கிழமை அவர் முதியோர் இல்லச் சமையலறையில் பெரிய சட்டியொன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தவர், விழுந்தார். வைத்தியர் வருமுன் முடிந்துவிட்டது. இதயம். வேறு விளக்கம் தரவில்லை. ஜெயமலரும் கேட்கவில்லை. இயந்திரம் நின்றால் காரணம் தேடிப்பிடிப்பது அவளுக்குப் பழக்கம். இதில் தேடி என்ன செய்வது?

தகனத்தில் தவராஜா பேசினார். சச்சி அண்ணை பேனை பிடித்த போராளி என்றார். பரமேஸ்வரி தலையை நிமிர்த்தாமலே, "அவர் சட்டி கழுவினவர்" என்றாள். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. தவராஜாவுக்கும் கேட்டிருக்கும். அவர் தொடர்ந்து பேசினார்.

இரண்டு கிழமையில் புத்தகம் வந்தது. வழவழப்பான அட்டை. அதே லொறி, அதே சிரிப்பு. கீழே 'தமிழில்: வே. சச்சிதானந்தன்'. ஜெயமலர் நின்றபடியே புரட்டினாள். வான்கோழி இல்லை. நாய் இல்லை. ஆற்று அத்தியாயம் இல்லை. ஆனால் அவளுடைய படம் இருந்தது. யாரோ அக்கரைக்கு மூன்று தடித்த அம்புகள் போட்டு, கீழே எழுதியிருந்தார்கள்: 'வெற்றிகரமாக ஆற்றைக் கடந்த விதம்.' அளவுத்திட்டத்தை வெட்டியிருந்தார்கள்.

அவள் அழாமல் இருந்த நாட்கள் அன்றோடு முடிந்தன.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு, கல்வெட்டு என்கிற சிறு புத்தகம் அடித்துத் தருவதாகக் குழு சொல்லியனுப்பியது. இறந்தவரின் படம், தேவாரம், வம்சாவளி, சீரும் சிறப்புமாக வாழ்ந்தார் என்று நாலு வெண்பா. அந்த நினைவுப் புத்தகத்தை வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். ஜெயமலர் வேண்டாமென்றாள். தானே செய்தாள். முகப்பில் பிள்ளையார் சுழி, படம். உள்ளே தேவாரம், வம்சாவளி. வெண்பா வரவேண்டிய இடத்தில், அவர் தட்டச்சில் அடித்த ஆற்று அத்தியாயத்தை அப்படியே பிரதியெடுத்து வைத்தாள். அதற்கு முன்னால் தான் மறுபடி கீறிய ஆற்றுப் படம், அளவுத்திட்டத்தோடு.

தாய் ஒருமுறை பார்த்தாள். "சனம் என்ன சொல்லும்?"

"கல்வெட்டை ஆர் அம்மா வேண்டாமெண்டவை?"

அதுதான் கணக்கு. இயக்கத்தின் புத்தகத்தை வாங்காமல் விடலாம். செத்த வீட்டுக் கல்வெட்டை மறுக்க முடியாது, கதிரையில் விட்டுப் போக முடியாது, குப்பையில் போடவும் முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமிப் படத்தடியில் வைத்தே ஆகவேண்டும்.

வாடகைக்கு எடுத்த தேவாலய மண்டபத்தில் தவராஜாவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகுதான் திறந்தார். ஜெயமலர் வாளியும் அகப்பையுமாக அவர் முன்னால் வந்தபோது முகம் மாறியிருந்தது.

"பிள்ளை, உது கல்வெட்டோ?"

"ஓம் அண்ணை. அவர் எழுதினது."

"இதில போய் இதை..." சுற்றிப் பார்த்தார். வில் நகரத்திலிருந்து வந்திருந்த குடும்பமொன்று பக்கத்தில் இருந்தது. அந்த வீட்டுப் பெண் சாப்பிடாமல் அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி ஊரில் இயக்கத்தில் இருந்தான். தவராஜா குரலைத் தாழ்த்தினார். "கொப்பரே இதை விரும்பியிருக்கமாட்டார்."

"பாயசம் விடட்டோ?"

அவர் கோப்பையை நீட்டினார். வேறென்ன செய்வார்? கல்வெட்டை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். ஜெயமலர் நிறைய விட்டாள்.

ஆனால் புத்தகத்தை அது நிறுத்தவில்லை. பாரிசுக்கும் லண்டனுக்கும் பெட்டி பெட்டியாகப் போனது. ஊருக்கும் போனதாகத் தவராஜா பெருமையாகச் சொல்லித் திரிந்தார். போன இடமெல்லாம் அட்டையில் சச்சிதானந்தனின் பெயரும் போனது.

ஆற்று அத்தியாயம் அச்சுக்குப் போகாது என்பது அவருக்குச் சாவதற்கு முதல்நாளே தெரியும். புதன்கிழமை பின்னேரம் தவராஜா தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தார்.

"அப்ப என்ர பேரையும் எடும்" என்றார் சச்சிதானந்தன்.

"அட்டை அடிச்சு முடிஞ்சுது அண்ணை."

"நான் வந்து அழிக்கிறன். ஒவ்வொண்டா அழிக்கிறன்."

தொலைபேசியை வைத்துவிட்டு மகளிடம் அழியாத கறுப்பு மை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். பீலுக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதையும் பார்த்துச் சொன்னாள். சனிக்கிழமை வேலையில்லை, காலையில் போய்ப் பின்னேரம் திரும்பிவிடலாம், சோறு கட்டித் தரவேண்டாம் என்று பரமேஸ்வரியிடம் சொன்னார்.

சனிக்கிழமை போகவில்லை.