செஞ்சியில் என்னை நடக்கவைத்த நாள்

என் காலைப் பற்றிப் பேசாதவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரையும் ஒரே நாளில், ஒரே காரில் போகும்போது இழந்தேன். பெயர் சொல்ல மாட்டேன். இருவருக்கும் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மூன்று வயதில் வந்த காய்ச்சல் என் இடது காலை மெலியவைத்துவிட்டுப் போனது. குதிகால் தரையில் முழுதாகப் பதியாது. நடந்தால் ஒரு பக்கம் சாய்வேன். ஓட முடியாது, மற்றபடி எல்லாம் முடியும். தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே எழுதிக் கௌரவிக்கப் போவதில்லை. உறவுக்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், 'பாவம்' என்பார்கள். அதற்கு அந்தப் பட்டப்பெயரே மேல்.

தோழிகளில் ஒருத்தி பக்கத்துத் தெருக்காரி. ஒரே மாதா கோயில், ஞானோபதேச வகுப்பில் ஒரே பெஞ்சு; பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் ஆனாள். இன்னொருத்தி வளவனூர்க்காரி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் எங்களோடு ஒட்டிக்கொண்டவள், எங்கள் ஊர் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கி ஜவுளிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மூவரும் சேர்ந்து எங்கே போனாலும், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே அவர்கள் இருவரும் என் வேகத்துக்கு நடப்பார்கள். 'கால் வலிக்குதா' என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை என்று நான் நம்பினேன். அந்த ஒரு நம்பிக்கையில்தான் தலை நிமிர்ந்து வெளியே போய் வந்துகொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், ஈஸ்டர் முடிந்த வாரம். எனக்கு இருபத்தாறு வயது. ஒரு நாள் லீவு போட்டு ஊர் சுற்றலாம் என்று பக்கத்துத் தெருக்காரிதான் கிளப்பினாள். அவள் அக்கா வீட்டுக்காரரின் அம்பாசிடர், டிரைவரோடு கிடைத்தது. மேல்சித்தாமூர், செஞ்சி, அங்கிருந்து விழுப்புரம், வளவனூர்க்காரி வீட்டில் காபி, இருட்டுவதற்குள் திண்டிவனம். என் அம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஈஸ்டருக்கு எடுத்த புதுப் புடவையையே கட்டிக்கொண்டு போ என்றாள். ஊர் சுற்றப் போவதற்கு எதற்குப் புதுப் புடவை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, சந்தோஷத்தில் கட்டிக்கொண்டேன்.

புறப்பட்ட அரை மணி நேரத்தில் வளவனூர்க்காரி வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டாள். செஞ்சி ரோட்டில் ஒரு கீற்றுக்கொட்டகையில் இட்லியும் வடகறியும். அவளுக்குச் சாப்பாடு கண்ணில் பட்டால் போதும், ஊர் பெயரெல்லாம் மறந்துவிடும். ஆறு இட்லி முடித்து, ஏழாவதுக்கு இலையை நீட்டினாள். பக்கத்துத் தெருக்காரி அதட்டினாள்.

"வயிறா இன்னாடி அது? மத்தியானம் பிரியாணி கீது, ஞாபகம் வச்சிக்க."

"அதுக்குள்ள எறங்கிடும், வுடு. நாப்பது நாளு நீங்க சுத்தபோசனம்னு கறி துன்னாம இருந்தீங்க. உங்ககூட சுத்தன பாவத்துக்கு நானும் இல்ல காய்ஞ்சிக்கினு இருந்தேன்."

மேல்சித்தாமூர் சமணக் கோயிலில் எங்களைத் தவிர ஆள் இல்லை. தரை குளிர்ச்சியாக இருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அங்கே வழிகாட்டிய பெரியவர் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத் தேரைக் காட்டினார். வெளியே வந்ததும் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, வாங்கி, தோலை ஜன்னல் வழியே எறிந்துகொண்டே செஞ்சி போய்ச் சேர்ந்தோம். அதுவரை அந்த நாளை என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

செஞ்சியில் மலை ஏறுகிற பேச்சு இல்லை. கீழே கல்யாண மகாலுக்கு எதிரே புல்தரையில் உட்கார்ந்தோம். நுங்கு வாங்கித் தின்றோம். கொஞ்சம் தள்ளி மரத்தடியில் ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. வயதான ஒரு அம்மாள், நடுவயதில் ஒரு பெண், கோடு போட்ட சட்டையில் ஒரு ஆள். கோட்டை பார்க்க வருகிற கூட்டம் என்று நான் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

பக்கத்துத் தெருக்காரி கேமராவை எடுத்தாள்.

"எழுந்திரு. அந்த மண்டபத்துகிட்ட இருந்து இங்க நடந்து வா. நடக்குற மாரி ஒண்ணு எடுக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னை எல்லோரும் உட்காரவைத்துத்தான் படம் எடுப்பார்கள். பள்ளிக்கூட குரூப் போட்டோவில்கூட எனக்கு எப்போதும் நாற்காலி. நடக்கிற மாதிரி ஒரு படம் என்னிடம் கிடையாது. இவள் ஒருத்திக்குத்தான் அது தோன்றியிருக்கிறது என்று நினைத்தேன். வெட்கமாகக்கூட இருந்தது. புடவையைச் சரிசெய்துகொண்டு மண்டபம் வரைக்கும் போய், அங்கிருந்து சிரித்துக்கொண்டே நடந்து வந்தேன்.

"வெயிலு மூஞ்சில அடிக்குது. இன்னொரு தபா வா. இந்தப் பக்கமா, மரத்து ஓரமா வா."

மரத்து ஓரமாக வந்தேன். பாயில் இருந்தவர்களைத் தாண்டி, கையெட்டும் தூரத்தில். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் நான் கவனித்தேன், கவனித்தும் ஒன்றும் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தேன்.

விழுப்புரத்தில் பிரியாணிக் கடையில் உட்கார்ந்து, முதல் கவளம் வாயில் வைத்திருப்பேன். அதே குடும்பம் உள்ளே வந்தது. பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். கோடு போட்ட சட்டைக்காரர் சுவரில் இருந்த விலைப்பட்டியலை மனப்பாடம் செய்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எழுந்து என் அருகில் வந்தாள். என் தலையைத் தடவினாள்.

"அம்மாடி, மூணு வயசுலதான அந்தக் காய்ச்சல் வந்துச்சி? இப்ப வலி கிலி ஒண்ணும் இல்லியே?"

காய்ச்சல் வந்த வயது என் வீட்டுக்குத் தெரியும். அதற்கு வெளியே நான் இரண்டே பேரிடம்தான் சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். வளவனூர்க்காரி இலையில் குனிந்து எலும்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இல்லிங்க," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். எழுந்து கை கழுவப் போனேன். பக்கத்துத் தெருக்காரி பின்னாலேயே வந்தாள்.

"இன்னாடி இது?" என்று அவள் பக்கம் திரும்பினேன்.

"கோச்சிக்காத. நல்ல எடம். அவரு ரயில்வேல கீறாரு. வூட்டுக்கு வந்து பாத்துட்டு வேணாம்னு போனா உனக்குத்தான அசிங்கம்? முன்ன ரெண்டு பேரு அப்டித்தான போனாங்க. அதான், உனக்குத் தெரியாமயே பாத்துட்டுப் போவட்டும்னு உங்கம்மாவும் நானும் பேசனோம்."

அம்மாவை விட்டுவிடுங்கள். பெண்ணைக் கரையேற்றுவதற்கு அம்மாக்கள் எதுவும் செய்வார்கள், அது அவர்கள் உத்தியோகம். பெண் பார்ப்பதை வீட்டுக்குச் சொல்லாமல் கோயிலிலோ கடையிலோ வைத்துக்கொள்வதும் எங்கள் பக்கத்தில் நடக்கிறதுதான். அதற்கும் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன்.

"நடக்கச் சொன்னியே, அது?"

"சும்மா நடக்கறப்ப எப்டி கீதுன்னு பாக்கணும்னு அவங்கதான் கேட்டாங்க. உனக்குத் தெரிஞ்சிச்சின்னா நீ பாத்துப் பாத்து காலை வைப்ப இல்ல?"

குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நான் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பேன் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? புது மனிதர்கள் எதிரே வந்தால் குதிகாலை அழுத்தி, சாய்வைக் குறைத்து நடப்பேன். வலிக்கும். அது என் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று இருந்தேன். இவள் அதைக் கண்டுபிடித்து, அது இல்லாத நேரமாகப் பார்த்து, கேமராவைக் காட்டி என்னை நடக்கவிட்டிருக்கிறாள்.

"அவங்ககிட்ட இதெல்லாம் நீ ஏன் சொல்லணும்?"

"சொல்லாம? நாளைக்கிக் கோயில்ல ஓலை படிப்பாங்க இல்ல? தடை தெரிஞ்சவங்க சாமியாருகிட்ட சொல்லணும்னு சொல்றாங்க இல்ல? எனக்குத் தெரிஞ்சிக்கினு, வாய மூடிக்கினு கீறதா? பாவம் இல்லியா அது?"

எங்கள் கோயிலில் கல்யாணம் என்றால், முன்னதாக மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயர்களை வாசிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லவேண்டும் என்பார்கள். ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, நெருங்கிய ரத்த சம்பந்தமா, கட்டாயப்படுத்திக் கட்டிவைக்கிறார்களா, தடை என்றால் இதுதான். மெலிந்த கால் அதில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்தப் பாடத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து சத்தம் போட்டு மனப்பாடம் செய்தவள் அவள். என் காலை மறைத்தால் பாவம் என்று மனதார நம்பினாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு அன்று அவ்வளவு வலித்திருக்காது.

அதன் பிறகு வளவனூருக்குப் போனோம். போகாமல் இருக்க முடியவில்லை, காபி போட்டுக் காத்திருந்தார்கள். அவள் வீட்டில் கேப்பை அடை சுட்டு வைத்திருந்தார்கள். நான் காரை விட்டு இறங்கவில்லை, தலைவலி என்றேன். வளவனூர்க்காரி ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கார் ஜன்னலுக்கு வந்தாள்.

"சத்தியமா எனக்குக் காலைலதான் சொன்னா. வேணாம்டின்னுதான் சொன்னேன்."

"அப்புறம் ஆறு இட்லி எப்டி எறங்கிச்சி?"

அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், சாப்பிடவில்லை. அவள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். திரும்பும்போது பின் சீட்டில் நானும் மற்றவளும் மட்டும் இருந்தோம். முண்டியம்பாக்கம் தாண்டியதும் அவள் தூங்கிப்போனாள். நல்ல காரியம் செய்தவர்களுக்குத் தூக்கம் வரும்தானே. திண்டிவனம் வரும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்துத் தெருக்காரி மூச்சுவாங்க எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அவங்களுக்குச் சம்மதமாம்டி! நாங்க பயந்த அளவுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் நடக்குதுன்னு அந்தம்மா சொல்லி அனுப்பிச்சிக்கிறாங்க!"

அம்மா அழுதுகொண்டே மாதா படத்துக்கு எதிரே மெழுகுவத்தி ஏற்றப் போய்விட்டாள். வந்தவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கட்டிப்பிடித்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அது பொய்ச் சிரிப்பு இல்லை, எனக்குத் தெரியும்.

"அவங்க ஒரு நாளு பாத்தாங்க," என்றேன். "நீ எத்தினி வருஷமா பாத்துக்கினு இருந்த?"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கையை விட்டாள். அவள் கண் தானாகக் கீழே இறங்கி, என் இடது காலுக்குப் போய், அங்கேயே நின்றது.

அம்மாவைக் கூப்பிட்டு, எனக்கு இந்த இடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடச் சொன்னேன்.