மொட்டைத் தலையும் முழங்காலும்

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு முடி முப்பது வயதுவரைதான். தாத்தா, அப்பா, சித்தப்பா மூவரும் சேர்ந்து நிற்கும் கல்யாணப் படத்தில் மூன்று தலைகள் மின்னும். எனக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு என்று நம்பியிருந்தேன். இருபத்தொன்பதிலேயே உச்சி தெரிந்துவிட்டது. தொழிற்சாலையில் மலாய்க்கார நண்பர்கள் 'போத்தாக்', அதாவது வழுக்கை, என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

புக்கிட் ரம்பாய் கிளினிக்கில் டாக்டர் தலையைக் குனியச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது பரம்பரை வழுக்கை என்றார். தடவும் மருந்து இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, பின்னந்தலை முடியை எடுத்து முன்னால் நடவும் செய்யலாம் என்று வழிகளைச் சொன்னார். நடுவதற்கு எனக்குத் தைரியமில்லை, தடவும் மருந்தை வாங்கினேன். விடாமல் தடவவேண்டும், ஆரம்பத்தில் முடி இன்னும் கூடுதலாகக் கொட்டலாம், பயந்து நிறுத்திவிடாதே என்றார். மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள். எனக்கு மயிர்தான் போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜாசினில் பெண் பார்க்க நாள் குறித்தார்கள். அவர்களிடம் போயிருந்தது என் கல்லூரிக் காலத்துப் படம். பெண்ணின் படத்தைப் பார்த்ததிலிருந்து, இந்த இடம் அமையாமல் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்பாதான் தன் தலையைத் தடவிக்கொண்டே வழி சொன்னார். கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொள், மொட்டையை எவனும் குறை சொல்லமாட்டான் என்றார். வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜாசினில் போய் உட்கார்ந்ததுமே பெண்ணின் அம்மா என் தலையைப் பார்த்து, என்ன வேண்டுதல் தம்பி என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் அம்மா முந்திக்கொண்டார்.

"எனக்கு முழங்கால் வலிங்க. அது போகணும்னுதான் வேண்டிக்கிட்டான்."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதை அன்றுதான் நேரில் பார்த்தேன். சொன்னதற்கு ஏற்றபடி அம்மா காலை நீவிவிட்டுக்கொண்டார். இப்படி ஒரு பிள்ளையா என்று பெண்ணின் அம்மா உருகிப்போனார். ஆனால் நிச்சயதார்த்தப் படங்கள் நன்றாக வரவேண்டுமாம். முடி நன்றாக வளர்ந்தபிறகு நாள் பார்க்கலாம் என்றார். என் கை தானாக உச்சிக்குப் போனது.

அப்போதுதான் பெண் தே தாரேக் டீத் தட்டோடு வந்து என் முன்னால் நின்றாள். உட்கார்ந்திருக்கிறவன் உச்சி, நிற்கிறவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாளில் காதைச் சுற்றிக் கறுப்பாக முளைத்திருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. அவள் பார்த்தாள். நிதானமாகவே பார்த்தாள். நான் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டை வைத்துவிட்டு அவள் தன் அம்மாவிடம் திரும்பினாள்.

"அது வளர்ற வரைக்கும் காத்திருந்தா நான் கெழவியாயிருவேன்மா. சீக்கிரமே நாள் பாருங்க லா."

எங்கள் அம்மா துள்ளி எழுந்து இரண்டே எட்டில் போய் அவளைக் கட்டிக்கொண்டார். வேண்டுதல் பலித்துவிட்டது.