சிவப்புப் பூ வந்த வண்டி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேராவது அக்காவின் பிக்கப் வண்டியில் ஒருமுறை ஏறியிருப்பீர்கள். மீதிப் பேர் அது வருவதைக் கண்டு ஒதுங்கியிருப்பீர்கள். வீட்டில் நிறையப் படித்தவன் என்று எனக்கொரு கெட்ட பெயர் உண்டு. ஆகவே எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அக்கா பனவடலிசத்திரத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பாவின் டிராக்டரிலேயே ஓட்டக் கற்றார். சங்கரன்கோவிலில் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு மகளை வளர்த்தார். அத்தான் வேலை பார்த்த தறிக்கூடம் மூடப்பட்ட சமயம், எங்கள் ஊர்ப் பூவைச் சங்கரன்கோவில் சந்தைக்கு ஏற்றிவந்த டிரைவர் திருப்பூருக்குப் போய்விட்டார். "திங்கக்கிழமைல இருந்து நான் எடுக்கேன்" என்று தோட்டக்காரர்களிடம் அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். லைசென்ஸ் இருந்தது. வண்டிதான் இல்லை. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

கடையநல்லூரில், வளைகுடாவிலிருந்து திரும்பிய பாய் ஒருவர் தம் பிக்கப்பை விற்பதாகச் சனிக்கிழமை தகவல் வந்தது. "புளியங்குடி எலுமிச்ச வியாபாரியும் கேட்டிருக்காரு. அவரு மத்தியானம் வாராரு, அதுக்கு முன்னால வந்துருங்க" என்றார் போனில்.

போகிற வழியில் ஒரு பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்று அத்தான் பிடிவாதமாக இருந்தார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாக மடித்துச் சாமி முன் போட்டார். அக்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

"செவப்பு. வேண்டாம்னு சாமி சொல்லிட்டு" என்றார் அத்தான்.

"செவப்புன்னா வாங்கலாம்னுல்லா நான் நெனச்சேன்" என்றேன் நான்.

எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்பதை முதலில் பேசிவைத்துக்கொள்ள எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை. இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று பூசாரியைக் கேட்டோம்.

"ஒரே நாள்ல சாமிகிட்ட ரெண்டு தடவ கேக்கப்படாது. நாளைக்கு வாங்க" என்றார் அவர். அந்நேரம் பாயின் போன் வந்தது. வியாபாரி கிளம்பிவிட்டாராம்.

அக்கா அரளியைத் தலையில் வைத்துக்கொண்டார். "எந்தப் பூவா இருந்தா என்ன? ரெண்டும் என் வண்டிலதான் ஏறப்போகுது. வாங்க."

பாய் வீட்டு வாசலில், பழைய வண்டி வாங்குவது குறித்து வீடியோக்களில் கற்ற வித்தை அனைத்தையும் நான் இறக்கினேன். டயரை எட்டி உதைத்ததில் எனக்குத்தான் வலித்தது. "டயர் உங்கள ஒண்ணும் செய்யலையே தம்பி?" என்று பாய் விசாரித்தார். அக்கா இன்ஜின் சத்தத்தைக் கேட்டார், ஒரு சுற்று ஓட்டினார், சம்மதம் சொன்னார்.

திரும்பும்போது புளியங்குடி தாண்டி, சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. பானெட்டிலிருந்து ஆவி. அக்கா ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். நான் பாய்ந்து இறங்கி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டார். "ஏலே, வெந்து போவ. தள்ளி நில்லு."

"சாமி சொல்லத்தான செஞ்சிச்சு" என்றார் அத்தான். "கொண்டுபோய் அவர்ட்டயே விட்டுருவோம். திங்கக்கிழம பூவோட நடுரோட்டுல நின்னா யாரு பதில் சொல்ல?"

அக்காவின் முகம் வெளுத்து நான் பார்த்தது அன்றுதான். பாய்க்குப் போன் செய்தார். விற்றவர் போனை எடுப்பாரா என்று எனக்குச் சந்தேகம். எடுத்தார். "ஹோஸ் கிளிப்பு கழண்டிருக்கும். அங்கனயே நில்லுங்க, நான் வாரேன்" என்று சொன்னவர், புதுக் கிளிப்போடு பைக்கில் வந்து, வெயிலில் மண்டியிட்டு மாட்டினார். வீடு வரும்வரை மூவரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை.

திங்கட்கிழமை ஏலம் தொடங்குமுன் பூ சந்தையில் இறங்கியது. பிறகு எத்தனையோ முகூர்த்த நாட்கள், அக்கா பிந்தியதில்லை. நோய் வந்து திருநெல்வேலி மருத்துவமனையில் படுத்திருந்தபோதும், "பூ போயிட்டா?" என்பதுதான் காலையில் அவர் கேட்ட முதல் கேள்வி. மகள் ஓட்டத் தொடங்கியிருந்தாள்.

அக்கா தம் வீட்டில்தான் காலமானார். அது ஒரு விடியற்காலை. அந்நேரம் தோட்டங்களில் பூப் பறித்தாகிவிட்டது. ஊரிலிருந்து வந்த இரண்டு தோட்டக்காரர்கள் தெருமுனையில் நின்றார்கள். வண்டியை வாய் திறந்து கேட்கவில்லை. மல்லிகை வெயில் ஏறும்வரை காத்திருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"சாவு வீட்டு வண்டி. அது சாமிக்குப் போற பூ" என்றார் அத்தான், யாரையும் பார்க்காமல்.

அவர்களில் மூத்தவர் அருகே வந்தார். "இத்தன வருசமா அந்த வண்டில வந்த பூவத்தான், அண்ணாச்சி, சாமி போட்டுக்கிட்டு நிக்கி. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சொல்லுங்க."

அத்தான் சாவியை எடுத்து மகளிடம் நீட்டினார்.

ஏலத்தை நிறுத்திவைத்துக் காத்திருந்த பூ வியாபாரிகளுக்கும், பூவை இறக்கிவிட்டு அதே ஈரக் கையோடு வந்து அழுத தோட்டக்காரர்களுக்கும், கடையநல்லூரிலிருந்து வந்து காடு வரை நடந்த பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வண்டியைக் கொடுப்பீர்களா என்று பதினாறாம் நாளிலேயே விசாரித்த உறவினர்களுக்கும் நன்றி. கொடுப்பதாக இல்லை. பார்க்க விரும்பினால் காலையில் பனவடலிசத்திரம் வாருங்கள். சீக்கிரம் வாருங்கள், அக்கா மகள் காத்திருக்க மாட்டாள்.